இரண்டு நடுவர்கள் மட்டுமே ஊதும் கூடைப்பந்து ஆட்டத்தில் யார் எங்கே நிற்பது, யார் எதைப் பார்ப்பது?

பள்ளி, கல்லூரி அளவிலான ஆட்டங்களுக்கு மூன்றாவது நடுவர் கிடைப்பதில்லை என்றும், நீங்களும் உங்கள் நண்பரும் மட்டுமே ஊதுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பந்து மூலைக்குப் போனால் இருவர் கண்ணும் அதோடு போய்விடுகிறது, ரிங்குக்கு அடியில் நடப்பது தப்பிவிடுகிறது, சில நேரம் ஒரே மோதலுக்கு இருவரும் விசில் அடித்து வெவ்வேறு சைகை காட்டிவிடுகிறீர்கள். ஆகவே எந்தப் பகுதி யாருடையது என்று கேட்டிருக்கிறீர்கள். பகுதிகளைப் பிரித்துச் சொல்லிவிடலாம், கீழே சொல்கிறேன். ஆனால் அந்தப் பிரிவினை எதற்காக என்பது மனத்தில் பதியாமல் படத்தை மட்டும் மனப்பாடம் செய்தால், ஆட்டம் சூடுபிடித்த ஐந்தாவது நிமிடத்தில் படம் மறந்துபோகும். இருவர் ஊதும் ஆட்டத்தில் ஒருவருடைய கண் எந்நேரமும் பந்தை விட்டு விலகியிருக்க வேண்டும். நிற்கும் இடம், ஓடும் பாதை, இடம் மாற்றிக்கொள்ளும் முறை ஆகிய எல்லாமே இதற்காக ஏற்பட்டவை.

இந்த எண்ணம் ஆட்டம் பிறந்தபோதே உடன் பிறந்தது. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த 13 விதிகளில் இரண்டு, நடுவர்களைப் பற்றியவை. அம்பயர் ஆட்டக்காரர்களைப் பார்த்துத் தவறுகளைக் குறிக்க வேண்டும். ரெஃப்ரி பந்தைப் பார்த்து, அது எப்போது ஆட்டத்தில் இருக்கிறது, யாருக்குச் சொந்தம் என்று முடிவு செய்ய வேண்டும். ஆட்டக்காரர்களுக்கு ஒருவர், பந்துக்கு ஒருவர். அன்று அந்த வேலைப் பிரிவு ஆட்டம் முழுவதற்கும் நிலையானது. இன்று பந்து நகர நகர அந்த இரண்டு வேலைகளும் நடுவர்களுக்கிடையே கைமாறிக்கொண்டே இருக்கின்றன. கைமாறும் அந்தக் கணத்தில் ஒருவர் விட்டுக்கொடுக்கத் தவறுவதாலேயே நீங்கள் சொல்லும் தவறுகள் பெரும்பாலும் நேர்கின்றன.

எனக்கு இது உறைத்தது ஒரு மாணவியர் ஆட்டத்தில். சிமெண்ட் தளம், சாயங்கால வெயில். நான் பின்னால் நிற்கிறேன். என் கூட்டாளி கடைக்கோட்டில் நிற்கிறார். வலது மூலையில் ஒரு பெண் பந்தை வாங்கி மூன்று புள்ளிக்கு எம்பினாள். அவள் கால் கோட்டைத் தொட்டதா என்று ஏறக்குறைய 15 மீட்டர் தூரத்திலிருந்து நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு மீட்டர் தூரத்திலிருந்து அவரும் அதே காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பந்து விழுந்தது, இருவரும் கையை உயர்த்தினோம். ரிங்குக்கு அடியில் யாரோ அழும் குரல் கேட்டுத் திரும்பினால், எதிரணிப் பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், விரலிடுக்கில் ரத்தம். ரீபவுண்டுக்கு, அதாவது ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்துக்கு, இடம் பிடிக்கையில் யாருடைய முழங்கையோ பட்டிருக்கிறது. யாருடையது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அவளுடைய பயிற்சியாளர் சத்தம் போடவில்லை. "சார், ரெண்டு பேர்ல ஒருத்தர்கூடவா பாக்கல?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு ஊதிய ஒவ்வோர் ஆட்டத்திலும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டேதான் நான் இடம் பார்த்து நிற்கிறேன்.

இனி இடங்களுக்கு வருகிறேன். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் முறைப்படி, தாக்கும் அணிக்கு முன்னால் ஓடிக் கடைக்கோட்டுக்கு வெளியே நிற்பவர் லீட்; தாக்குதலுக்குப் பின்னால் நின்று வருபவர் ட்ரெயில். தளத்தின் அளவு 28 மீட்டருக்கு 15 மீட்டர் என்பதால், பாதித் தளம் 210 சதுர மீட்டர். அதற்குள் பத்துப் பேர் ஓடுகிறார்கள். இருவரும் ஒரே பக்கத்தில் நின்றால் ஒரே முதுகுகளைத்தான் இருவரும் பார்க்க நேரிடும். அதனால் ட்ரெயில் பந்துக்குச் சற்றுப் பின்னால், இடப்பக்கத்தில் நிற்க, லீட் அதற்கு மூலைவிட்டமாக எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார். பத்து ஆட்டக்காரர்களும் இந்த இருவருக்கும் நடுவே அடைபட்டிருக்க வேண்டும். யாராவது ஒருவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார் என்றால், உங்கள் இடம் தவறு. அதை உடனே சரிசெய்ய வேண்டும்.

கோடுகளின் கணக்கு எளியது. தளத்தைப் பார்த்து நிற்கும்போது உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும் பக்கக்கோடு உங்களுடையது. இது இருவருக்குமே பொருந்தும். அதோடு லீடுக்குக் கடைக்கோடு, ட்ரெயிலுக்கு நடுக்கோடு. உங்கள் கோட்டில் பந்து வெளியே போகும்போது கடைசியாகத் தொட்டது யார் என்று தெரியாவிட்டால், விசில் அடித்துக் கையை உயர்த்தியபடி கூட்டாளியின் முகத்தைப் பாருங்கள். அவருக்குத் தெரிந்திருந்தால் திசையைக் காட்டுவார். இருவருக்குமே ஐயம் என்றால் அது ஜம்ப் பால் நிலை. அடுத்து பந்து எந்த அணிக்கு என்று காட்டும், ஸ்கோர் மேசையில் உள்ள அம்புக்குறி முடிவு செய்யும். ஊகித்துத் திசை காட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

பகுதிகளைச் சொல்லும்போது ட்ரெயிலின் கண்ணிலிருந்து இடம், வலம் என்று குறிப்பிடுகிறேன். நடுக்கோட்டிலிருந்து ஃப்ரீ த்ரோ கோட்டின் (பவுலுக்குப் பின் தடையின்றி எறிய நிற்கும் கோடு) நேர் வரையுள்ள மேற்பகுதி முழுவதும், இடம், நடு, வலம் எங்கும், பந்து இருந்தால் ட்ரெயில்தான் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் லீட் ரிங்குக்கு முன்னாலுள்ள செவ்வகமான பெயிண்டையும் அதன் இருபுறத்தையும், காவலரின் வழியை மறித்து நிற்கும் ஸ்கிரீன்களையும், பெயிண்டின் ஓரமான போஸ்டில் ஒருவரையொருவர் இடிப்பதையும், தாக்குபவர் பெயிண்டுக்குள் மூன்று விநாடிக்கு மேல் தங்குவதையும் பார்க்கிறார். பந்து மேலே நடுவில் சும்மா டிரிப்பிள் ஆகிக்கொண்டிருக்கும்போது லீட் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் நம் ஊர் ஆட்டங்களில் நான் அடிக்கடி காணும் குறை. அங்கே அவர் பார்க்க ஒன்றுமில்லை. கீழே இரண்டு சென்டர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

இடது கீழ்ப்பகுதியில் மூன்று புள்ளிக் கோட்டை ஒட்டிப் பந்து இருந்தாலும் அது ட்ரெயிலுக்கே. அதற்காக அவர் பக்கக்கோட்டை ஒட்டிச் சில அடிகள் கீழே இறங்கி வர வேண்டும். நடுக்கோட்டுக்கு அருகிலேயே நின்றுகொண்டு பத்து மீட்டர் தொலைவிலிருந்து கையில் அடித்ததா என்று தீர்மானிக்கக் கூடாது. ஒரு மோதலைச் சரியாகக் கணிக்க மூன்று முதல் ஆறு மீட்டர் தூரம் ஏற்றது. அதைவிட அருகில் போனால் கை மட்டும் தெரியும், கால் தெரியாது. அதைவிட விலகினால் இடைவெளி தெரியாது. பெயிண்டுக்குள் பந்து வந்துவிட்டால் லீட் பார்க்கிறார். அப்போது ட்ரெயில் வெளியே உள்ளவர்களைப் பார்க்கிறார். ஃப்ரீ த்ரோ கோட்டை ஒட்டிய இடம் இருவருக்கும் பொது. அதை ஆட்டத்துக்கு முன்னரே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் தனியாகக் கேட்டிருந்த வலது மூலைக்கு வருவோம். இருவர் முறையில் மிகச் சிக்கலான இடம் இதுவே. லீடின் பக்கமாக உள்ள இந்த மூலையில் மூன்று புள்ளிக் கோட்டுக்கும் பக்கக்கோட்டுக்கும் இடையே வெறும் 90 சென்டிமீட்டர்தான் இருக்கிறது. ஒரு கால் முன்னால் கோட்டைத் தொட்டால் இரண்டு புள்ளி; பின்னால் தொட்டால் பந்து வெளியே. ட்ரெயில் நிற்குமிடத்திலிருந்து அந்தக் காலைப் பார்க்க முடியாது. நடுவே நான்கு பேர் நிற்பார்கள். எனவே அங்கே பந்து இறங்கியதும் லீட் வெளியே நகர்ந்து, மூன்று புள்ளிக் கோட்டின் நேருக்கு வந்து, பந்து வைத்திருப்பவரையும் அவரைக் காப்பவரையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த நொடியில் ட்ரெயில் செய்ய வேண்டியதுதான் முக்கியம். அவர் தன் கண்ணைப் பந்திலிருந்து பிடுங்கிப் பெயிண்டுக்குள் வைக்க வேண்டும். பிடுங்குவது என்ற சொல்லைத் தெரிந்தே சொல்கிறேன். நம் கண் இயல்பாகவே பந்தோடு போகும். பார்வையாளராக இருந்த இத்தனை ஆண்டுப் பழக்கம் அது. கண்ணை மட்டும் திருப்பினால் போதாது. ட்ரெயில் இரண்டு மூன்று அடிகள் உள்ளே, ஃப்ரீ த்ரோ கோட்டின் நேரை நோக்கி வர வேண்டும். அங்கிருந்துதான் ரிங்குக்கு அடியில் நிற்பவர்களின் முழங்கைகள் தெரியும்.

மூன்று புள்ளி முயற்சியைப் பொதுவாக ட்ரெயிலே காட்டுவார்: ஒரு கையை உயர்த்தி மூன்று விரல், பந்து விழுந்துவிட்டால் இரு கைகளும். ஆனால் இந்த மூலையில் மட்டும், அருகில் நிற்கும் லீட் காலைப் பார்த்துக் கையை உயர்த்துவது என்று நாங்கள் ஆட்டத்துக்கு முன்னரே ஒப்பந்தம் செய்துகொள்கிறோம். பந்து பறக்கத் தொடங்கியதும் லீட் அதன் பின்னால் பார்வையைச் செலுத்தக் கூடாது. எம்பியவர் இரு கால்களும் தரையில் பதியும் வரை ஷாட் எடுப்பவராகவே கருதப்படுகிறார். அவர் இறங்கும் இடத்தில் காவலர் காலை நீட்டிவிட்டால் கணுக்கால் பிசகிவிடும். அந்தக் கால்கள் இறங்கும் வரை லீட் அவரோடே இருக்க வேண்டும். பந்தின் பறப்பும், அது ரிங்கை நோக்கி இறங்கும்போது யாராவது தொடுகிறார்களா என்பதும் ட்ரெயிலின் பொறுப்பு.

லீட் எவ்வளவு தூரம் நகரலாம் என்பதற்கும் எல்லை இருக்கிறது. தன் இடக்கைப் பக்கத்து மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து பெயிண்டின் எதிர் விளிம்பு வரை அவர் கடைக்கோட்டுக்கு வெளியே நடந்துகொண்டே இருக்கலாம். அதைத் தாண்டிப் போகக் கூடாது. எதிர்ப்பக்கத்து போஸ்டில் பந்து இறங்கி, ஒருவர் முதுகைக் காட்டி இடித்து உள்ளே வரத் தொடங்கினால், லீட் பெயிண்டைக் கடந்து அந்த விளிம்புக்குப் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் காவலரின் முதுகு மட்டுமே தெரியும். பந்து வெளியேறியதும் திரும்பிவிட வேண்டும். நம் பள்ளி மைதானங்களில் தரையில் ஊன்றிய கம்பங்களில் போர்டு நிற்பதால், கடக்கும்போது கம்பம் ஒரு கணம் பார்வையை மறைக்கும். ஆட்டத்துக்கு முன் கம்பத்தின் முன்னாலும் பின்னாலும் ஒருமுறை நடந்து பார்த்து, எந்த வழி என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கடைக்கோட்டை ஒட்டியே நிற்பதும் தவறு. இடமிருந்தால் ஒன்றரை மீட்டர் பின்வாங்கி நின்றால் பார்வை விரியும். தொட்டடுத்துச் சுவர் இருந்தால் உடலைச் சற்றுச் சாய்த்துத் திருப்பி நிற்பதே வழி.

டிரைவ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இருவரும் விசில் அடித்து வெவ்வேறு சைகை காட்டுவது பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. மேலிருந்து ஒருவர் பந்தோடு உள்ளே பாய்கிறார். அவரையும் அவருடைய முதல் காவலரையும் ட்ரெயில் தொடக்கத்திலிருந்து பார்த்து வந்திருக்கிறார். அந்த மோதல் எங்கே தொடங்கியது, யார் முதலில் இடத்தைப் பிடித்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆகவே பந்து பெயிண்டுக்குள் போனாலும் அந்த இருவரையும் கடைசி வரை அவரே தொடர வேண்டும். லீட் பார்க்க வேண்டியது உதவிக்கு ஓடி வரும் இரண்டாவது காவலரை. அவர் நேரத்துக்கு வந்து நின்றாரா, மார்பு நேராக இருந்ததா, ரிங்குக்கு அடியிலுள்ள 1.25 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டத்துக்குள் கால் இருந்ததா என்பதைக் கடைக்கோட்டிலிருந்துதான் பார்க்க முடியும். முதல் காவலர் ட்ரெயிலுக்கு, இரண்டாவது காவலர் லீடுக்கு என்ற இந்த ஒரு வரியைப் பேசி வைத்துக்கொண்டாலே இரட்டை விசில்களில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

அப்படியும் இருவரும் ஊதிவிட்டால் என்ன செய்வது? விரல்களை மடக்கிய கையை உயர்த்தி அப்படியே நில்லுங்கள். பிளாக்கா (காவலரின் தவறு) சார்ஜா (தாக்குபவரின் தவறு) என்ற சைகையை உடனே காட்டாதீர்கள். ஒரு மூச்சு நேரம் கூட்டாளியின் கண்ணைப் பாருங்கள். யாருடைய பகுதியோ அவர் எடுத்துக்கொள்ளட்டும். எல்லையில் நடந்தது என்றால் ஆட்டம் யாரை நோக்கி வந்ததோ அவர் எடுத்துக்கொள்ளட்டும். மற்றவர் அந்த மோதலுக்கு முன்பே ஒரு டிராவலையோ (பந்தோடு அதிக அடி வைப்பது) தள்ளலையோ பார்த்திருந்தால் மட்டும் அருகில் போய் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். கையை உயர்த்திக் காத்திருக்கும் அந்த ஒரு விநாடியில் யாரும் உங்களைக் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் இருவரும் எதிரெதிர்ச் சைகை காட்டிவிட்டால், அதன் பிறகு அந்த ஆட்டம் முழுவதும் நீங்கள் சொல்வது எதுவும் எடுபடாது.

நிற்கும் இடத்தைவிடக் கோணம் பெரிது என்பதை இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மோதல் இருவருக்கு நடுவிலுள்ள இடைவெளியில் நிகழ்கிறது. அந்த இடைவெளியைப் பார்க்க முடிந்தால் தீர்ப்புச் சொல்லலாம். இருவரும் ஒரே நேர்க்கோட்டில் உங்கள் முன் மறைந்துவிட்டால், ஒரு மீட்டர் தூரத்தில் நின்றாலும் ஊகம்தான். டிரைவ் வலப்பக்கமாகப் போனால் ட்ரெயில் இடப்பக்கமாக ஓரடி வைக்க வேண்டும். இடப்பக்கமாக வந்தால் வலப்பக்கமாக ஓரடி. கால் தானாகப் பந்தின் திசையில்தான் போகும், எதிர்த்திசையில் வைக்கப் பழக வேண்டும். இதற்குத் தோதான ஒரு பயிற்சி இருக்கிறது. காலையில் ஆளில்லாத தளத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் பின் ஒன்றாக, ஒரு சாண் இடைவெளியில் வையுங்கள். ஒன்று தாக்குபவர், மற்றொன்று காவலர். ட்ரெயில் நிற்குமிடத்திலிருந்து பார்த்தால் ஒரே நாற்காலிதான் தெரியும். அங்கிருந்து நாற்காலிகளுக்கு நடுவே பின்னாலுள்ள சுவர் தெரியும் வரை பக்கவாட்டில் நகருங்கள். எத்தனை அடி என்று எண்ணுங்கள். பெரும்பாலும் இரண்டு, அதிகம் போனால் மூன்று. பிறகு நாற்காலிகளை மூலைக்கும் போஸ்டுக்கும் மாற்றி, கடைக்கோட்டிலிருந்தும் அதையே செய்யுங்கள். அரை மணி நேரம் இதைச் செய்தால் உங்கள் கால்களுக்கு ஒரு கணக்குப் பிடிபடும்.

இதோடு சேர்ந்தது, முடிவெடுக்கும் கணத்தில் நின்றிருப்பது. ஓடும்போது கண் குலுங்குகிறது. வேகமாக ஓடிப் போய்ச் சேர்ந்துவிட்டு நின்று பார்க்க வேண்டும். மெதுவாக ஓடிக்கொண்டே பார்ப்பது இரண்டுக்கும் உதவாது.

ஷாட் எடுத்ததும் ட்ரெயில் பின்வாங்கி ஓடத் தயாராவது இன்னொரு பொதுவான குறை. எதிரணி வேகமாகத் திருப்பித் தாக்கும் ஃபாஸ்ட் பிரேக்கில் பின்தங்கிவிடுவோமோ என்ற பயம் அதற்குக் காரணம், புரிந்துகொள்ளக்கூடிய பயமே. ஆனால் ரீபவுண்டுக்காக வெளியிலிருந்து ஓடி வருபவர் உள்ளே நிற்பவரின் முதுகில் ஏறுவது ட்ரெயிலின் கண்ணுக்குத்தான் தெரியும். லீடின் பார்வையை உள்ளே நிற்பவர்களின் உடல்களே மறைத்துவிடும். ஷாட் பறக்கும்போது ட்ரெயில் ஓரடி உள்ளே வைத்து, பந்து யார் கையில் சேர்ந்தது என்று பார்த்த பிறகே திரும்ப வேண்டும்.

திரும்பியதும் வேலைகள் மாறுகின்றன. பந்து எதிரணியிடம் போனால் ட்ரெயிலாக இருந்தவர் புதிய லீட். லீடாக இருந்தவர் புதிய ட்ரெயில். புதிய லீட் தன் பக்கக்கோட்டை ஒட்டி நேராகக் கடைக்கோடு வரை ஓட வேண்டும். குறுக்கே வெட்டி ஓடினால் ஆட்டக்காரர்களின் பாதையில் சிக்குவதோடு கோணமும் போய்விடும். ஓடும்போது முகம் தளத்தின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். முதுகைக் காட்டி ஓடுபவர், தன் பின்னால் நடந்த இரண்டு விநாடி ஆட்டத்தை ஒருபோதும் பார்க்கப் போவதில்லை.

முழுத்தளப் பிரஸ் வந்தால், அதாவது காக்கும் அணி தளம் முழுவதும் நெருக்கினால், இந்தப் பிரிவினை சற்று வளைய வேண்டும். பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவதற்கான எட்டு விநாடிக் கணக்கும், பந்தும், அதைச் சூழ்ந்த இருவர் மூவரும் ட்ரெயிலிடம் இருக்கும். பின்தளத்தில் இன்னும் பல ஆட்டக்காரர்கள் இருக்கும்போது லீட் கடைக்கோட்டில் போய் நின்றுகொண்டு காத்திருந்தால், ட்ரெயில் ஒருவரே அவ்வளவு பேரையும் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது லீட் நடுக்கோட்டுக்கு அருகிலேயே தங்கி, பந்தில்லாதவர்களை எடுத்துக்கொள்ள வேண்டும். நீண்ட பாஸ் ஒன்று தலைக்கு மேலே போனால் ஓடிப் பிடிக்கும் தூரத்தையும் விட்டுவிடக் கூடாது. தனியாக ஒருவர் ரிங்குக்கு அடியில் காத்திருந்தாலும் அவரைத் தனியே விடலாம். மோதுவதற்கு அவர் அருகில் ஆளில்லை.

விசில் அடித்த பிறகுள்ள நேரத்தைச் சிலர் ஓய்வு நேரமாக நினைக்கிறார்கள். பவுலை அறிவிக்க மேசைக்குப் போகிறவர் ஆட்டக்காரர்களுக்கு முதுகைக் காட்டுகிறார். அந்தப் பத்து விநாடிகளில் பத்துப் பேரையும் பார்க்க ஒருவர்தான் இருக்கிறார். பள்ளி ஆட்டங்களில் நான் கண்ட கைகலப்புகளில் பெரும்பாலானவை ஆட்டம் நடக்கும்போது தொடங்கியவையல்ல; பவுலுக்குப் பிறகு இருவர் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்ற நேரத்தில் தொடங்கியவை. எனவே ஊதாத நடுவர் பந்தை எடுக்க ஓடக் கூடாது. பந்து உருண்டு போனால் போகட்டும். அறிவித்து முடித்த பின் இருவரும் இடம் மாற்றிக்கொள்வது வழக்கம். ஒரே ஆள் ஒரே பக்கத்து போஸ்டையே ஆட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்காமல் இருக்க அது உதவுகிறது.

ஃப்ரீ த்ரோவில் லீட் பந்தைக் கொடுத்துவிட்டுத் தனக்கு எதிரே வரிசையில் நிற்பவர்களைப் பார்ப்பார். ட்ரெயில் இடப்பக்கத்தில், ஃப்ரீ த்ரோ கோட்டை நீட்டினால் மூன்று புள்ளிக் கோட்டைத் தொடும் இடத்தருகே நின்று, எறிபவரின் காலையும் எறிவதற்கான ஐந்து விநாடியையும் பந்தின் பறப்பையும் பார்ப்பார். தொடக்க ஜம்ப் பாலைத் தலைமை நடுவர் எறிவார்; மேசைப் பக்கத்தில் நிற்கும் மற்றவர், பந்து தட்டப்பட்ட திசையில் முன்னே ஓடி லீட் ஆவார்; எறிந்தவர் ஆட்டக்காரர்கள் விலகும் வரை வட்டத்திலேயே நின்று, பிறகு ட்ரெயில் ஆவார். காலாண்டின் கடைசி ஷாட் நேரத்துக்குள் கையை விட்டதா என்பது ட்ரெயிலின் தீர்ப்பு. ஆகவே கடைசிப் பத்து விநாடிகளில் ட்ரெயில் கடிகாரத்தையும் எறிபவரின் கையையும் ஒரே பார்வைக்குள் கொண்டுவரும் இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டும். பந்து ரிங்கில் பட்டுத் தாக்கிய அணிக்கே மறுபடி கிடைத்தால், ஷாட் எடுக்க மீதமுள்ள விநாடிகளைக் காட்டும் ஷாட் கிளாக் 14-க்குச் சரியாக மாற்றப்பட்டதா என்பதையும் அவரே ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வது நல்லது. மேசையில் உட்காரும் மாணவர்கள் பதற்றத்தில் 24-க்கு மாற்றிவிடுவது உண்டு.

இருவர் முறையில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. 1978-79 பருவத்தில் மூன்றாவது நடுவரைச் சேர்த்துப் பார்த்து, அடுத்த ஆண்டே கைவிட்டு, 1988-89-இல் நிரந்தரமாக்கியது. இரண்டு பேரால் தாங்க முடியாத பாரம் இருக்கிறது என்பதை அவ்வளவு வசதி படைத்த அமைப்பும் ஒப்புக்கொள்ளப் பத்தாண்டுகள் ஆயின. ஆகவே எதைப் பார்க்காமல் விடுவது என்பதையும் நீங்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். நான் விடுவது, பந்திலிருந்து மிகத் தொலைவில், அருகில் யாருமின்றித் தனியாக நிற்பவரை. நான் ஒருபோதும் விடாதது, ரிங்கைச் சுற்றி நெருங்கி நிற்பவர்களை. பந்து எங்கே இருந்தாலும் அந்தக் கூட்டத்தின் மேல் இருவரில் ஒருவருடைய கண் இருந்தே ஆக வேண்டும்.

விதிப்படி ஆட்டத்துக்கு 20 நிமிடம் முன்பே நடுவர்களின் அதிகாரம் தொடங்கிவிடுகிறது. அதற்கும் முன்னால் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, ஒரு தாளில் பாதித் தளத்தை வரைந்து வைத்துக்கொண்டு உங்கள் நண்பரோடு பேசுங்கள். வலது மூலையில் மூன்று புள்ளிக்கு யார் கையை உயர்த்துவது, டிரைவில் இரண்டாவது காவலர் யாருக்கு, ஃப்ரீ த்ரோ கோட்டருகே போஸ்டில் நிற்பவர் யாருக்கு, இரண்டு விசில் விழுந்தால் யார் முன்னால் வருவது என்ற நான்கையும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். இடைவேளையில் மறுபடி ஒரு நிமிடம் உட்கார்ந்து, முதல் பாதியில் இருவரும் ஒரே இடத்தைப் பார்த்த தருணங்கள் எவை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு முதல் பருவத்தில் ஓர் ஆட்டத்துக்கு ஏழெட்டு வந்தன. இப்போதும் ஒன்றிரண்டு வருகின்றன, அவை அநேகமாக அதே வலது மூலையில்தான்.